இருபத்தொன்றுக்குப் பன்னிரண்டு

இந்த வாரம் எனக்கு மனசு ஆறவில்லை.

என் அக்கா பேத்தியின் வயலின் தேர்வு முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. கொலுவுக்கு வந்தவர்கள் பாடச் சொன்னபோது உள்ளே போய் வயலினை எடுத்து வந்த பிள்ளை அவள். 1889-இல் லண்டனில் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் வாரியம் நடத்தும் தேர்வு, நான்காம் கிரேடு. 150-க்கு 124. 120 எடுத்தாலே மெரிட். மூன்று பாடல்களையும் அருமையாக வாசித்திருக்கிறாள். சைட் ரீடிங்கில் மட்டும் 21-க்கு 12. அந்தப் பகுதியில் தேற 14 வேண்டும்.

வீட்டில் உடனே ஒரு முடிவெடுத்துவிட்டார்கள். "அடுத்த கிரேடுக்கு வீடியோ எடுத்து அனுப்புற தேர்வு எழுதலாம் சித்தி. நாலு பாட்டு வாசிச்சா போதும். சைட் ரீடிங்கே கிடையாது" என்றாள் அக்கா மகள். 2020-இல் வந்த ஏற்பாடு அது. ஊரடங்கில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. பக்கத்தில் தேர்வு மையம் இல்லாதவர்களுக்கு இன்றும் அதுதான் வழி. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு, பிள்ளைக்கு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக சைட் ரீடிங்கைத் தள்ளிவைப்பதா? மனப்பாடத்தைப் பற்றி இந்தப் பத்தியில் நான் புலம்பாத மாதமில்லை. அது வயலினுக்கும் வந்துவிட்டது.

நேரில் போய் எழுதும் தேர்வில் சைட் ரீடிங் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு சின்ன இசைத்துண்டைப் பிள்ளையின் முன்னால் வைப்பார்கள். பார்த்துக்கொள்ள அரை நிமிடம். எந்த ஸ்கேல், என்ன தாளம், விரல் எங்கே தாவ வேண்டும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டு வாசிக்க வேண்டும். தப்பு வந்தால் திரும்பிப் போகாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். மூன்று பாடல்களை ஆசிரியர் ஊட்டிவிடலாம். இந்த அரை நிமிடத்தில் பிள்ளை தனியாக நிற்கிறாள். இது கைவந்துவிட்டால் உலகத்தில் எந்த இசைப் புத்தகத்தையும் அவளே திறந்துகொள்ளலாம்.

இப்படித் திறக்க ஒரு புத்தகம் வேண்டும் என்பதற்காகவே தன்னைத் தேய்த்துக்கொண்ட ஒருவர் நம் ஊரில் இருந்தார். ஏ.எம். சின்னசாமி முதலியார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் உத்தியோகம், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். வாலாஜாபேட்டை கிருஷ்ணசுவாமி பாகவதர் பாடக் கேட்டு, தியாகராஜரின் கீர்த்தனைகளை ஐரோப்பியர்களின் ஐந்து கோட்டுக் குறிமுறையில் எழுதி, 1890-களின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக அச்சிட்டார். பாடுகிறவர் போனால் பாட்டும் போய்விடுகிறதே என்ற தவிப்புதான் அவரை உட்கார விடாமல் செய்தது. என் அலமாரியில் மறுபதிப்பு ஒன்று இருக்கிறது. அதன் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளுக்காக அவர் தேடிப் பிடித்தவர் எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர். நம் இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன் அவர். பாலுசுவாமியே சுவீகாரம் எடுத்து வளர்த்தார். முதலியாரின் ஓயாத வேண்டுகோளும் எட்டயபுரம் ராஜாவின் ஆதரவும் சேர்ந்துதான், பரம்பரையாகக் காத்துவந்ததை அவர் வெளியே கொடுத்தார். 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கில் சுமார் 1,700 பக்கம். சுரத்தை எழுதினால் மட்டும் போதாது, அது அசைவதையும் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம் வைத்தார். அது வெளிவருமுன் முதலியார் காலமாகிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்துத் தீட்சிதரும் போனார். பாரதி இரங்கற்பா எழுதினார்.

கோட்டில் கமகம் நிற்காது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். முழுதாக நிற்காதுதான். ஆனால் குருவின் வாய் ஓய்ந்த பிறகு கையில் மிஞ்சுவது என்ன என்று முதலியார் கேட்டார்; அதற்கு அவர்கள் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை முதலியாரின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நகலெடுத்து, தலைப்பு தெரியாமல் மடித்து, ஸ்டாண்டில் வைத்தேன். கர்நாடக இசை கற்காத பிள்ளை. அரை நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு வில்லை வைத்தாள். அசைவில்லாமல், மொட்டை மொட்டையாகத்தான் சுரங்கள் வந்தன. இரண்டு இடத்தில் விரல் தவறியது, நிறுத்தவில்லை. நாலாவது வரிக்குள் சமையலறையிலிருந்து அக்கா, கையில் தேங்காய்த் துருவலோடு, சாகித்தியத்தைப் பாடிக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள்.

பிள்ளை வாசிப்பை விடாமலே கேட்டாள்: "பாட்டி, இது உனக்கு எப்படித் தெரியும்?"