முகமூடி மட்டும் போதும்

தோழியரே, அந்தமானின் சுவராஜ் தீவுக்குச் சென்று கடலடியில் பவளப்பாறை காண எங்களுக்கும் ஆசைதான். அதற்காக முழுச் சாதனங்களையும் வாங்கித் தரும்படி தந்தையரை நச்சரிக்கலாமா? காலிக் காற்று உருளையே ஏறத்தாழ 14 கிலோ! விமானத்தில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. உடுப்பை எங்கே வைப்பது? உருளையும் ஈயக் கட்டிகளும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன.

கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடி மட்டும் நம்முடையதாக இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. பெரியவர் முகத்துக்கு ஏற்றது நம் முகத்தில் கசியும். கடலடியில் மூக்கில் நீர் ஏறினால் திகில் பிடிக்காதா? கடையில் நிறம் பார்த்து மயங்காதீர்கள் (நாங்கள் மயங்கினோம்!). நெற்றி முடியை ஒதுக்கி, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அதையே வாங்குங்கள். பாவாடை மடிப்புக்குள் வைத்தால் பெட்டியில் உடையாமல் வரும்.