நிலாவை விழுங்கியது யார்?

குட்டீஸ்! 2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு இந்தியா முழுவதும் தெரியும்படி முழு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. கல்வராயன் மலையடிவாரத்துச் சங்கராபுரத்துக்கும் அதே நேரம்தான். இரவு 9.57க்கு நிலாவின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. 11 மணியிலிருந்து 82 நிமிடம் முழு நிலாவும் செம்பு நிறமானது.

பாம்பு விழுங்கியதா? இல்லை. சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே பூமி வந்தது. பூமியின் நிழல் நிலா மேல் விழுந்தது. நம் காற்று மண்டலத்தில் நீல ஒளி சிதறிவிடும். சிவப்பு ஒளி வளைந்துபோய் நிலாவைத் தொடும். அதனால்தான் அந்த நிறம்!

அப்படியானால் பௌர்ணமிதோறும் கிரகணம் வரவேண்டுமே? நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும்.

கிரகண நேரத்தில் சாப்பிடக்கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்பார்கள். நிழலால் சோறு கெடாது; வயிற்றுக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. கர்ப்பிணி பட்டினி கிடப்பதுதான் கெடுதல். கிரகணம் வெறும் நிழல் என்று கி.பி. 499லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார்.

சூரிய கிரகணத்தைத்தான் வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது. சந்திர கிரகணத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். 2028 டிசம்பர் 31 இரவும் நம் ஊரில் முழு சந்திர கிரகணம் தெரியும். அன்று பாட்டியையும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள்!