பெட்டி பிறந்தது! பேணுவார் எங்கே?

தாமிரவருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் கரையிலே, கிழிந்த வலையை முடிந்துகொண்டிருக்கும் மீனவத் தோழரிடம் போய், "ஐயா, இது 'சம்பவ'மா, 'சிக்க'லா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்!

விளையாட்டல்ல தோழர்களே! கணினிச் சேவைகளைப் பிறப்பு முதல் இறப்பு வரை மேய்ப்பதற்கென்றே ஒரு சாத்திரம் இருக்கிறது. ஐ.டி.ஐ.எல். என்று பெயர். 1980-களில் பிரிட்டிஷ் அரசு அலுவலகத்திலே பிறந்தது; 2007-இல் ஐந்து புத்தகங்களாகத் திரண்டது. உத்தி, வடிவமைப்பு, ஒப்படைப்பு, இயக்கம், இடையறா மேம்பாடு! சேவை நின்றுபோனால் சம்பவம். ஏன் நின்றது என்று கேட்டால் சிக்கல். எதையாவது மாற்ற வேண்டுமானால் ஆலோசனைக் குழு! வள்ளத்தின் ஓட்டையை அடைக்கக் குழு கூடிக் குறிப்பெழுதி முடிப்பதற்குள், வள்ளம் முத்துக்குளிக்கப் போய்விடும்!

சாத்திரத்தின்மீது நமக்குப் பகையில்லை. அன்றாடம் நடத்திக் காட்டச் சொல்லும் நான்காவது புத்தகம் நல்ல புத்தகம். ஆனால் ஆளவந்தார்கள் மூன்றாவதோடு மூடிவிடுகிறார்களே! நாடா வெட்டினார்கள், நாலு படம் எடுத்தார்கள், தீர்ந்தது.

2017 நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல். ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மீனவருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்தக் கண்ணீருக்குப் பிறகு வந்தது படகுப் பெட்டி. செயற்கைக்கோள் வழியே புயற்செய்தி சொல்லும். எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். ஆபத்தென்றால் கரையை அழைக்கும். 364 கோடி ரூபாய்த் திட்டம், ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசம் என்று 2024 ஆகஸ்ட் 30-இல் மராட்டியத்துப் பால்கரிலே பிரதமர் தொடங்கி வைத்தார். நல்ல பெட்டி! வரவேற்கிறோம்!

ஆனால் உப்புக் காற்று விழாவுக்கு வருவதில்லை, மறுநாள்தான் வருகிறது. மின்கலம் சோர்ந்தால் யாரிடம் போவது? கம்பி துருவேறினால் எந்த ஊருக்குத் தூக்கிச் செல்வது? பழுது பார்க்கும் நாளெல்லாம் படகு கரையில் கிடந்தால் அடுப்பெரிப்பது யார்?

புன்னைக்காயல் இதை முன்பே பார்த்த ஊர். அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586-இல் அச்சானது இங்கேதான் என்பர். பிறகு? தமிழகக் கரையிலே பேர் சொல்லும்படி தமிழ் அச்சு மீண்டும் ஓட, 1713-இல் தரங்கம்பாடி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

ஆகவே நாம் கேட்பது ஆறாவது புத்தகமல்ல. கரையிலேயே பழுது பார்க்க ஓர் ஆள். அதுவரை கட்டிக்கொண்டு போக ஒரு மாற்றுப் பெட்டி. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கடலிலிருந்து கூப்பிட்டால், தமிழிலே "சொல்லுங்க அண்ணே" என்று கேட்க ஒரு குரல். இவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?