பாரிஸில் குடித்தனம், சென்னையில் ஆபீஸ்

முத்தியால்பேட்டைச் சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மகளுக்கு பிரான்சு மாப்பிள்ளை அமைந்திருக்கிறதாம். மகள் சென்னைக் கம்பெனி வேலையை விடாமல் அங்கே வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் தொடரப் போகிறாளாம். "என்னென்ன சாமான் கட்டிக் கொடுக்கலாம்?" என்பது கேள்வி. சாமானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என் தங்கையும் இதே மாதிரி போனவள்தான். அவள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் புதுவைக்கு பிரான்சு புதிதில்லை. 1962 ஆகஸ்டு 16-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த ஒரு குடும்பத்துப் பேரன்தான் என் தங்கை வீட்டுக்காரர். அந்த நாளில் கூடப் போன பெண்கள் சமையலையும் குழந்தையையும் பார்த்தார்கள். இவள் மட்டும் ஆபீஸையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

கேட்க சௌகரியமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள். அப்புறம் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. சென்னையில் ஒன்பதரைக்கு ஆபீஸ் என்றால் குளிர்காலத்தில் அங்கே விடியற்காலை ஐந்து! டிசம்பரில் எட்டே முக்காலுக்குத்தான் பொழுது விடியும், சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து அவள் நிமிரும்போது மணி இரண்டு. மிச்சமிருக்கிற வெளிச்சம் மூன்று மணி நேரம். அதிலும் பாதி நாள் மேகம்.

கணவர் காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். (அங்கே மூன்று வயதிலேயே பள்ளிக்கூடம் கட்டாயம், 2019-லிருந்து.) அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். பையனையும் சாயங்காலம் அவரே அழைத்து வந்துவிடுவார். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் இவளுக்குப் படியிறங்க ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் போனில், "அக்கா, இந்த வாரம் பூரா நான் வெளியாள்னு ஒருத்தர்கிட்டயும் வாய் திறந்து பேசலை, ஆபீஸ் மீட்டிங் தவிர" என்றாள். தூக்கம் சரியில்லை. ஒரு வேளைதான் சாப்பாடு. பால் பொங்கினால்கூட அழுகை வருகிறதாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "வேலையை விட்டுடு" என்று அம்மா ஒரே பிடிவாதம். எனக்கு அதில் சம்மதமில்லை. அவள் சம்பாத்தியம் அவளுக்கு ஒரு தைரியம். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த நாலு சுவருக்குள் வேறென்ன மிச்சம்?

எங்கள் எதிர் வீட்டு ஆயா சொல்தா குடும்பம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அறுபதுகளில் அங்கே போய் இருபது வருஷம் குடித்தனம் செய்தவர். விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு மட்டும் பாஷை தெரியுமா? ஜாடைதான். ஆனா தினம் ரொட்டி வாங்கப் போயாகணுமே! போனா ரொட்டிக்காரி ரெண்டு வார்த்தை பேசுவா. அப்படித்தான் ஊர் பழகிச்சு. உன் தங்கச்சிக்குத்தான் எல்லாம் வாசலுக்கே வருதே" என்றார்.

அதை அப்படியே தங்கைக்குச் சொன்னேன். ரொட்டியும் காய்கறியும் இனி நீயே போய் வாங்கு. பையனைச் சாயங்காலம் நீயே அழைத்து வா. வேலை முடிந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே, மழையானாலும் அரை மணி நட. அதோடு டாக்டரிடம் போகவும் கட்டாயப்படுத்தினேன். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வும் தூக்கமின்மையும் நீடித்தால் அது வெறும் வீட்டு ஏக்கம் என்று விடக்கூடாது. டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்ததில் விட்டமின் டி குறைவாக இருந்தது. வெயில் குறைந்த ஊரில் நம் நிறத்துக்கு இது சகஜம். அதற்காக நாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது, அளவு மீறினால் கெடுதல். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அரசாங்கத்தின் தாய்சேய் நல நிலையங்களில் காசில்லாமல் பார்க்கிறார்கள். அங்கேயும் போய் வந்தாள். மற்ற தாய்மார்களைப் பார்க்க அதுவும் ஒரு இடம்.

ஒரு சின்ன சங்கதி. அங்கே கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஷூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே சாமானைக் கேட்டால் மரியாதை தெரியாதவள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நம் ஊர் மார்க்கெட் வழக்கம் அங்கே செல்லாது! லிப்டில் எதிர்ப்பட்டாலும் அப்படித்தான். இந்த ஒரு வார்த்தையில்தான் மூன்றாம் மாடிப் பாட்டியம்மா பழக்கமானார். இப்போது வாரம் ஒரு நாள் இவளுக்கு பாஷை சொல்லித் தருகிறார். மகளைப் புறப்படும் முன்பே இங்கே அலியான்ஸ் பிரான்சேஸில் நாலு மாதமாவது சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டில் உட்கார்ந்து வேலை செய்ய கம்பெனி சம்மதிக்கிறதா, வருமான வரி எங்கே, வைத்தியச் செலவு யார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். போர்ச்சுகல் 2022-லும் ஸ்பெயின் 2023-லும் இப்படிப்பட்டவர்களுக்கென்றே விசா கொண்டுவந்தன. பிரான்சில் அப்படித் தனி விசா இல்லை. பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டு. போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

இப்போது சாமானுக்கு வருவோம். மூட்டை மூட்டையாக மளிகை வேண்டாம். பாரிஸில் லா ஷாப்பேல் பக்கம் இலங்கைத் தமிழர் கடைகளில் புழுங்கலரிசியிலிருந்து கறிவேப்பிலை வரை கிடைக்கிறது. அங்கேயே 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்குப் போனால் பாதி புதுவையைப் பார்க்கலாம் என்கிறாள் தங்கை. குளிருக்குப் பயந்து ஜன்னல் மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் துணி வைத்து அடைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். சமையல் ஆவி வெளியே போகாமல் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும், குழந்தைக்கு இழுப்பு வரும். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். வாயகன்ற பாட்டிலில் கொடுங்கள். இட்லி மாவு குளிரில் புளிக்காது. இரவில் மின்சார அவனுக்குள் வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். அடியில் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். தங்கை வீட்டில் வழிந்து வழிந்து அவனைத் துடைக்கிற வேலை தனியாக ஏற்பட்டுவிட்டதாம்.