பின்னால உக்காந்திருக்கவங்களுக்கும் இடுப்பு இருக்கு மக்களே!

போன வாரம் அம்மாவை வண்டியில வெச்சு சேக்காட்டுலேர்ந்து அம்பத்தூர் கூட்டிட்டுப் போனேன். சி.டி.எச். ரோட்டுல ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்னாலேர்ந்து ஒரு "முருகா!". இறங்கினதும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "இனிமே நான் பஸ்லயே வந்துக்கறேன்டா"ன்னுட்டாங்க.

மெக்கானிக் அண்ணன் சீட்டை ரெண்டு அமுக்கு அமுக்கிட்டு, "கேஸ் இறங்கிடுச்சு தம்பி, ரெண்டு ஷாக்கையும் மாத்திடலாம்"னார். ஆபீஸ் நண்பர்களும் அதே தீர்ப்பு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நானும் பர்ஸைத் தொட்டுட்டேன். அதான் வெட்கம். ராத்திரி மேனுவலைத் தூசி தட்டி எடுத்தப்புறம்தான் புத்தி வந்தது.

'கேஸ் ஷாக்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா காத்து மேல மிதக்கறோம்னு அர்த்தமில்லை. உள்ளே இருக்கற நைட்ரஜனோட வேலை, எண்ணெய் நுரைக்காம பார்த்துக்கறது. எடையைத் தாங்கறது வெளியே சுத்தியிருக்கற ஸ்பிரிங்தான். நிஜமாவே கேஸ் மேல போற வண்டி வேணும்னா, நம்ம ஆவடி சி.வி.ஆர்.டி.இ. உருவாக்கின அர்ஜுன் டாங்கியைச் சொல்லலாம். 58 டன்னைத் தாங்கற அதோட சஸ்பென்ஷன்ல, ஸ்பிரிங் வேலையைச் செய்யறதே கேஸ்தான். நம்ம பைக் அந்த ரகம் இல்லை சாமி.

ஸ்பிரிங்கை ஒட்டி, படிப்படியா வெட்டின ஒரு வளையம் இருக்கும். பல வண்டிகள்ல அஞ்சு படி. அதைத் திருப்பத்தான் டூல் கிட்டுல கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர். சைலன்சர் ஆறினப்புறம், ஆள் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு படி ஏத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே படி, முக்கியம். ஸ்பிரிங் மாறாது, ஆனா எடையில அமுங்கிப்போன பின்பக்கம் மேல வரும், பள்ளத்துல இறங்க இடம் மிச்சமிருக்கும். இல்லேன்னா ஷாக் அடி வரைக்கும் போய் இடிக்கும். அந்த இடி நேரா இடுப்புக்கு! போதாக்குறைக்கு ஹெட்லைட் மேல தூக்கி எதிர்ல வர்றவர் கண்ணைக் குத்தும்.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123வது விதி, பின்னால உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்துல சிக்காம தடுப்பு எல்லாம் கட்டாயம்னு சொல்லுது. சட்டத்துக்கு இருக்கற அக்கறை ஓட்டற நமக்கு இல்லை. வண்டி எடுக்கறப்ப மைலேஜ் கேக்கறோம், எலுமிச்சம்பழம் நசுக்கறோம். பின் சீட்டைப் பத்தி ஒரு கேள்வி? ம்ஹூம்.

"தனியா போறப்ப கட்டையா இருக்குமே"ன்னா, திரும்ப இறக்குங்க பாஸ், அஞ்சு நிமிஷ வேலை. ஷாக்குல எண்ணெய் கசிஞ்சா மட்டும் மெக்கானிக் சொல்றதைக் கேளுங்க.

நேத்து மூணாவது படியில வெச்சு, அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஏத்தினேன். அம்பத்தூர் வரைக்கும் முருகனை ரெண்டே தடவைதான் கூப்பிட்டாங்க. செலவு: பூஜ்யம் :-)