எந்த மாத்திரை நல்ல மாத்திரை?

புதியம்புத்தூர் பக்கம் எந்தத் திண்ணையில உட்கார்ந்தாலும், மழைக்கு அடுத்த பேச்சு இப்ப பிரஷர்தான். "அண்ணாச்சி, உங்களுக்கு எந்த மாத்திரை? அது நல்லாக் கேக்குதா?" என்று விசாரித்து, அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடுகிற ஆளும் உண்டு.

ஆப்பிரிக்காவில் கறுப்பின மக்களிடம் நடந்த ஓர் ஆய்வில், அம்லோடிபைன் சேர்ந்த ஜோடி மாத்திரைகள் மற்றதைவிட நன்றாக வேலை செய்தன. அப்ப நமக்கு எது? அதைப் பார்க்க நம்ம நாட்டில் 32 இடங்களில், 1,981 பேரிடம் 'டாப்ஸ்பின்' ஆய்வு நடந்தது. அம்லோடிபைன், பெரிண்டோபிரில், இண்டபமைடு ஆகிய மூணில் ரெண்டு ரெண்டாகச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கி, யாருக்கு எந்த ஜோடி என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025இல் முடிவு வந்தது. மூணு ஜோடியும் ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான். ஆறு மாசத்தில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு 140/90க்குக் கீழே இறங்கிவிட்டது.

"நம்ம மேல சோதிக்க நாம என்ன எலியா?" என்று கேட்பார்கள். விவரம் சொல்லாமல், சம்மதம் வாங்காமல் செய்தால் அது அநியாயம்தான். ஆனால் கரிசக்காட்டுக்காரன் அப்படிக் கேட்கலாமா? கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் நம்ம மண்ணிலேயே விதைச்சுப் பார்த்துத்தானே 'கே' என்று பேர் வைத்த ரகங்களைக் கொடுத்தார்கள்? தஞ்சாவூர் வயல்ல விளைஞ்சது என்று சொன்னால் நம்பி விதைப்போமா?

எங்க மச்சான் ஒருத்தர். அளவு 130க்கு வந்ததும் "சரியாப் போச்சு" என்று மாத்திரையை நிப்பாட்டினார். உளுந்து அறுப்பு நேரம் வேற. களத்திலேயே சாய்ந்தார். இன்னைக்கும் இடது கை தூக்க வராது. அளவு இறங்கினது மாத்திரையாலதான் என்று அவருக்கு யாரும் சொல்லலை. நானும்தான் சொல்லலை.

2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு தேடி மாத்திரை வருது. பெரிய காரியம். நான் கேட்பது இன்னும் ஒண்ணு. என் டப்பாவில் ரெண்டு மாத்திரை தனித்தனியா இருக்கு. ஒண்ணு தீர்ந்தால், அடுத்து வாங்குகிற வரைக்கும் மற்றதை மட்டும் போட்டு ஓட்டுகிறேன். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துத் தரட்டும். மூணு ஜோடியில எதுவானாலும் சரி.