ஜிம் லவல் ஏற்றுக்கொண்ட பங்கு

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் விண்வெளி வீரர் ஜிம் லவல் தமது 97ஆவது வயதில் காலமானார். அப்பல்லோ 13 விண்கலத்தை அவர் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்த வீரத்தையே ஊடகங்கள் பெரிதும் பேசின. அது நியாயமே. ஆனால், அதிகம் பேசப்படாத ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு.

அமெரிக்கக் கடற்படையில் புதிய விமானங்களை ஓட்டிச் சோதிக்கும் விமானியாக இருந்தவர் லவல். குறையைக் கண்டுபிடித்து, மறைக்காமல் சொல்வதே அத்தொழில். 1959ல் முதல் விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, இரத்தத்தில் பிலிருபின் கூடுதல் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1962ல்தான் இடம் கிடைத்தது. 1968ல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள், நிலவைச் சுற்றிய அப்பல்லோ 8 கலத்திலிருந்து தொடக்க நூலின் முதல் வசனங்களை வாசித்த மூவருள் அவரும் ஒருவர்.

1970 ஏப்ரல் 13. பூமியிலிருந்து 3 இலட்சம் கி.மீ.க்கும் அப்பால், அப்பல்லோ 13ன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. நிலவில் இறங்குவதற்கான சிறு கலமே மூவருக்கும் உயிர்காக்கும் படகானது. கடுங்குளிர், குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மி.லி. தண்ணீர். திருத்தந்தை 6ஆம் பவுல் உட்பட உலகமே அவர்களுக்காகச் செபித்தது. 17ஆம் நாள் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினர்.

தொட்டி ஏன் வெடித்தது? அதனுள் இருந்த சூடேற்றும் கருவிக்கான மின்னழுத்தத்தை 28 வோல்ட்டிலிருந்து 65 வோல்ட்டாக உயர்த்தியிருந்தார்கள். சூடு மிகுந்தால் அதைத் தானாக நிறுத்தவேண்டிய சுவிட்சுகளோ பழையவை. யாரும் கவனிக்கவில்லை. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த சோதனையில், தொட்டியிலிருந்து ஆக்சிஜனை வழக்கம்போல வெளியேற்ற முடியவில்லை. மணிக்கணக்கில் சூடேற்றி ஆவியாக்கிவிடலாம் என்றார்கள். சுவிட்சுகள் ஒட்டிக்கொண்டன, உள்ளே மின்கம்பிகளின் உறை கருகியது. தொட்டியையே மாற்றினால் பயணம் தள்ளிப்போகலாம். லவலிடமும் கேட்டார்கள்... அவரும் சரி என்றார்.

அந்தச் சுவிட்சுகளைச் செய்தவர் அவரல்லர். ஆயினும் 1975ல் நாசா வெளியிட்ட நூலில், தொட்டியை மாற்றும்படி தாம் சொல்லியிருக்க வேண்டும் என்றும், தாமும் உடன்பட்டதால் அத்தோல்வியில் தமக்கும் பங்குண்டு என்றும் எழுதினார். விபத்து என்றதும் அடுத்தவரைக் கைகாட்டும் அறிக்கைகளையே படித்துப் பழகிவிட்ட நமக்கு, இது வியப்பாகத்தான் இருக்கிறது.

அதன்பின் லவல் விண்வெளிக்குச் செல்லவில்லை. நிலவுக்கு இருமுறை பயணம் செய்தவர்களுள், அதில் கால் பதிக்காதவர் அவர் ஒருவரே.